ஸ்வெட்டர் அண்ணனின் ரிப்பன் டெஸ்ட்

மே மாதத் தாம்பரத்தில், பகல் ஒரு மணி வெயிலில், முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி இறங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்குக் கீழே நான் இரண்டு வருடம் டூட்டி பார்த்திருக்கிறேன். அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கு நிச்சயம் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஸ்வெட்டர் அண்ணன். புதிதாக வந்த லெக்சரர் ஒருவர் விவரம் தெரியாமல் அவரை நேருக்கு நேராகவே "மிஸ்டர் ஸ்வெட்டர்" என்று கூப்பிட்டுவிட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அண்ணன் நிதானமாக, "எஸ் சார்" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பழைய சயன்ஸ் பிளாக் முதல் மாடியில் கம்ப்யூட்டர் லேப். பன்னிரண்டு மெஷின், பச்சை எழுத்துத் திரை. ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாமே பிளாப்பிதான், உள்ளங்கையைவிட அகலமாக, கறுப்பாக, பிடித்தால் வளைகிற அந்தக் காலத்துப் பிளாப்பி. கல்லூரியிலேயே ஏசி வைத்த ஒரே அறை அதுதான். பிரின்சிபாலுக்கே மின்விசிறி, அதுவும் சத்தம் போடும்.

ஒரு மாணவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் மெஷின், அதையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் 'ஸ்டூடண்ட் ஸ்டாஃப்' ஆகச் சேர்ந்து லேபைப் பார்த்துக்கொண்டால், ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு மெஷின் முழுசாக நமக்கே. அந்த அரை மணிக்காகப் பெரிய போட்டி. நான் சேர்ந்தது அதற்காக என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மை வேறு. குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பிழிந்து போட்ட துணியாக வந்து இறங்கும் எனக்கு அந்த ஏசி வேண்டியிருந்தது.

ஸ்வெட்டர் அண்ணன் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தார். எல்லா ஷிப்டுக்கும் அவர்தான் பொறுப்பு. என்னைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகத் தேர்வில் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"கால் காட்டுங்க."

"என்னண்ணா?"

"பாதம். அடிப்பக்கம்."

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அப்போது எல்லா லேபிலும் உள்ள வழக்கம். அண்ணன் அதோடு விடுபவர் இல்லை. வராந்தாக் குழாயில் காலைக் கழுவி, கோணிச் சாக்கில் துடைத்து, பிறகு அவரிடம் காட்ட வேண்டும். குனிந்து பார்த்தார்.

"குதிகால்ல மண்ணு இருக்கு. கழுவிட்டு வாங்க."

"மெஷினைக் கையாலதானே அண்ணா தொடப்போறோம்?"

"மண்ணு நடக்கும்" என்றார்.

பிற்காலத்தில் என் கல்யாணத்தில் மெட்டி போட்டபோதுகூட என் காலை யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

டூட்டி என்றால் அவரிடம் சும்மா இல்லை. லேப் திறக்க அரை மணி முன்னாலேயே ஏசியைப் போட வேண்டும். மெஷினுக்கு வேர்க்கக் கூடாதாம். பிறகு உறைகளை எடுக்க வேண்டும். டைலர் தைத்துக் கொடுத்த ரோஸ் நிற உறைகள், கீழே சுருக்கம் வைத்து, பிறந்தநாள் கவுன் மாதிரி. ஒவ்வொன்றிலும் நம்பர். நாலாம் நம்பர் உறையை ஐந்தாம் மெஷினுக்குப் போட்டால், "அவங்கவங்க துணியை அவங்கவங்களுக்குப் போடுங்க" என்பார். அப்புறம் மெஷின்களை ஒவ்வொன்றாக ஆன் செய்ய வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம். எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுப்பினால் ஸ்டெபிலைசர் தாங்காது என்பது காரணம். ஆனால் அவர் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, திரை பச்சையாகும்வரை பார்த்து, "ம்... ஏழாம் நம்பர் எழுந்தாச்சு" என்று சொல்லிவிட்டு நகர்வதைப் பார்த்தால், பன்னிரண்டு பிள்ளை பெற்ற வீட்டில் காலை ஆறு மணி என்று தோன்றும்.

இத்தனையும் அந்த ஸ்வெட்டரோடு. மெரூன் கலர், கழுத்தில் வி. லேபுக்குள் குளிரும், போட்டார், சரி. வெளியே? மெஸ்ஸில் கொதிக்கக் கொதிக்க ரசம் சாப்பிடும்போதும் ஸ்வெட்டர். கிரிக்கெட் பார்க்க வந்தாலும் ஸ்வெட்டர். ஒருமுறை பஸ்ஸில் இவரைப் பார்த்த கண்டக்டர், "யாருப்பா அது, மலேரியா கேஸு நிக்குது, சீட்டு குடுங்கப்பா!" என்று கத்த, இரண்டு பேர் எழுந்து சீட் கொடுத்தார்கள். அண்ணன் நன்றி சொல்லி உட்கார்ந்தும் விட்டார். ஸ்வெட்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது பற்றி ஹாஸ்டலில் பல கட்சிகள். சட்டையே இல்லை என்று ஒரு கட்சி. மார்பில் யாரோ ஒருத்தியின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார் என்று இன்னொரு கட்சி. நான் ஒருநாள் துணிந்து கேட்டுத் தொலைத்தேன்.

"அண்ணா, வெளியில வரும்போதாவது கழட்டக் கூடாதா?"

"கழட்டினா மறுபடி போடணும்ல" என்றார்.

அடுத்தது ரெஜிஸ்டர். ஷிப்டில் நடந்தது எல்லாம், நேரத்தோடு, அதில் ஏற வேண்டும். மற்ற லேபில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் தமிழில், ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி எழுதுவார். 'காலை 8.05: மூன்றாம் நம்பர் கீபோர்டில் ஒரு முடி. நீளமானது. அகற்றப்பட்டது.' 'மதியம் 2.40: கொசு ஒன்று நுழைந்தது. 2.55: வெளியேறியது.' தான் செய்த தவற்றையும் விடமாட்டார். 'மாலை 4.10: நான் தும்மினேன். ஒன்பதாம் நம்பர் திரை துடைக்கப்பட்டது.' அந்த ரெஜிஸ்டரில் ஒரு பொய் கிடையாது. திங்கட்கிழமை தோறும் ஹெச்.ஓ.டி. மேடம் அதைப் படிப்பார்கள். ஸ்டாஃப் யாராவது பிளாப்பியைக் கெடுத்ததாக அதில் ஏறினால், அன்றோடு அவர்களுக்கு டூட்டி காலி. அப்படி இரண்டு பேர் போயிருந்தார்கள்.

அண்ணன் டைப் அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடிச்சூர் ரோட்டில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரி முடிவிலும் இடது கையால் கேரேஜைத் தள்ள வேண்டும் இல்லையா? கம்ப்யூட்டரில் தள்ள ஒன்றும் இல்லை என்பது அவருடைய இடது கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வரி முடிந்ததும் அது 'சடக்'கென்று பக்கவாட்டில் பறக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் வாங்குவார். அதனால் அவருக்கு இடது பக்கத்து மெஷின் எப்போதும் காலி.

கடைசியாக, ரிப்பன் டெஸ்ட். லேபில் ஒரே ஒரு பிரிண்டர். அதன் ரிப்பன் எந்தக் காலத்திலோ வாங்கியது. மை வற்ற வற்ற அண்ணன் ஸ்டாம்ப் பேட் மையைச் சொட்டுவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் மாலை லேப் மூடும்முன், ரிப்பன் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏதாவது அச்சடிப்பார். இரண்டு வரி அடித்துப் பார்த்தால் போதாதா? போதாது. மாணவர்கள் பிளாப்பிகளை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, வைரஸ் வந்துவிடும் என்பதால் எல்லாம் லேபிலேயே ஒரு மரப்பெட்டியில் இருக்கும். அதில் எந்தப் புரோகிராம் நீளமோ அதை எடுத்து, பழைய தாளின் பின்பக்கத்தில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அடிப்பார். பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று கத்தும். இவர் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் கேட்பார். முடிந்ததும் ரெஜிஸ்டரில், 'ரிப்பன் மங்கல்' என்று எழுதுவார். ஒவ்வொரு நாளும் 'ரிப்பன் மங்கல்'தான். அடித்த தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். எதற்கு இந்த வெட்டி வேலை என்று நாங்கள் சிரிப்போம். எனக்கே சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கிறது.

இப்போது ஜாஸ்மின் அக்காவிடம் வருகிறேன். மூன்றாம் வருடம், எனக்கு ஒரு வருடம் சீனியர், சேலையூர். கிண்டியில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. ஜூன் மாதம் பாஸ் செய்த சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும். அவளுடைய அப்பா கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் அடுத்து சம்பாதிக்க வேண்டிய ஆள் அவள்தான். நடுவில் இருந்தது ஒரே ஒரு ப்ராஜெக்ட் தேர்வு. அதில் தேறாவிட்டால் அடுத்த ஏப்ரல்தான் மறுபடி எழுத முடியும். கம்பெனி அதுவரை நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்காது.

அவளுடைய ப்ராஜெக்ட், திருமுடிவாக்கத்தில் அவள் மாமா வேலை பார்த்த பட்டறைக்காக எழுதியது. எந்த அலமாரியில் எந்த அளவு போல்ட், நட் எத்தனை இருக்கிறது என்று சொல்லும் புரோகிராம். கோபோல் மொழியில் எழுதியிருந்தாள். ஒன்றையும் ஒன்றையும் கூட்டு என்று சொல்வதற்கே ஒரு பாரா எழுத வேண்டிய கம்ப்யூட்டர் மொழி அது. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் போதும், நூறு பிழை காட்டி நம்மை அழவைக்கும். ஜாஸ்மின் அக்கா நான்கு மாதம் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி, என் ஷிப்ட். அன்றைக்குத்தான் பத்து புதுப் பிளாப்பி வந்திருந்தது. புதுப் பிளாப்பியை உபயோகிக்கும் முன் 'பார்மட்' செய்ய வேண்டும், அதாவது உள்ளே எதுவும் இல்லாமல் சுத்தமாக்கிக் கோடு போட வேண்டும். அது ஸ்டாஃப் வேலை. ஒன்றைச் சொருகு, எண்டர் தட்டு, காத்திரு, எடு. 'இன்னொன்றா?' என்று மெஷின் கேட்கும், ஆமாம் என்று தட்டு, அடுத்ததைச் சொருகு. மாவு மில்லில் நிற்கிற மாதிரி தூக்கம் வரும்.

ஜாஸ்மின் அக்கா பையை மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தாள்.

"ஏய் வாலு, என்னோட இன்னொரு பிளாப்பி பூஞ்சை புடிச்சுப் போச்சு. இது ஒண்ணுதான் இருக்கு. இதைப் புதுசுல ஒரு காப்பி போட்டு ரெண்டையும் பெட்டியில வச்சிடுறியா? பஸ்ஸுக்கு லேட்டாச்சு."

"வச்சிட்டுப் போங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன்! அவள் வைத்துவிட்டுப் போனாள். நான் துப்பட்டாவுக்குள் ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாயை, அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து வாயில் போட்டுக்கொண்டேன். சத்தம் வராமல் கடிப்பதில் என் முழு கவனமும் போனது. கை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. சொருகு, தட்டு, எடு. சொருகு, தட்டு, எடு. பத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், புதுப் பிளாப்பி ஒன்று மேஜையில் அப்படியே மிச்சம் இருக்கிறது. மெஷினுக்குள் இருந்ததை வெளியே எடுத்தேன். மேலே லேபிள். 'ஜாஸ்மின். பைனல்.'

கடலை மிட்டாய் தொண்டையில் நின்றுவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான்கு மாதம் எழுதியதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அண்ணனிடம் போய் நின்றேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. பிளாப்பியைக் காட்டினேன். அவர் லேபிளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மேஜையில் இருந்த புதுப் பிளாப்பிகளைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"என்ன டைம்?" என்றார்.

"அஞ்சு இருபது."

ரெஜிஸ்டரைத் திறந்தார். '5.20:' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. எனக்கு டூட்டி போனால் போகட்டும், அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஜாஸ்மின் அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. அண்ணன் பேனாவை மூடினார்.

"நாளைக்கு எழுதிக்கலாம்."

அவர் ஒரு விஷயத்தை நாளைக்கு எழுதலாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து அலமாரியைத் திறந்தார். மடித்த தாள்களைப் புரட்டினார். நடுவிலிருந்து ஒரு கட்டை உருவினார்.

"திங்கக்கிழமை ரிப்பன் டெஸ்ட். அன்னிக்கு இவங்களுதுதான் நீளம்" என்றார்.

நாற்பத்திரண்டு பக்கம்! முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், போல்ட், நட், வாஷர் எல்லாம் இருந்தது. இருந்தது என்றால், உற்றுப் பார்த்தால் இருந்தது. ரிப்பன் அவ்வளவு மங்கல். எனக்கு அந்த நிமிடம் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. கழுவிய கால்தான்.

ஐந்தரைக்கு லேபைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அதில் மாற்றம் இல்லை. இரண்டு பேரும் பஸ் பிடித்துக் கேம்ப் ரோடில் இறங்கி ஜாஸ்மின் அக்கா வீட்டைத் தேடிப் போனோம். கதவைத் திறந்த அவளுடைய அம்மா, வியர்த்து வடிய ஸ்வெட்டரோடு நின்ற ஆளைப் பார்த்ததும், "ஐயோ, தம்பிக்குக் குளிர் ஜுரமா? உள்ள வாப்பா, உக்காரு" என்று நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார்கள். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அண்ணன் கையில் ஒரு டம்ளர் மிளகுக் கஷாயம் வந்துவிட்டது. மறுக்கத் தெரியாத மனிதர். குடித்தார்.

ஜாஸ்மின் அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா உள்ளறையிலிருந்து, "யாரும்மா?" என்று கேட்டார். "காலேஜ்லேர்ந்துப்பா, ஒண்ணுமில்ல" என்றாள். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் நாலு எடத்துல மாத்தினேன். அது எனக்கு ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் அடிச்சிட முடியுமாண்ணா?"

"காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார் அண்ணன். கஷாய டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துதும்மா" என்று அம்மாவிடம் சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, மிளகு அப்படி.

மறுநாள் காலை ஆறு மணி. சாவி அட்டெண்டர் தாஸ் அண்ணனிடம். அவர் உள்ளூர்க்காரர், பேச்சும் அப்படி.

"இன்னா சார், கோழி கூவ சொல்லவே வந்துகினீங்கோ? இன்னா மேட்டரு?"

சொன்னோம். "பேஜாராப் போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு திறந்துவிட்டார்.

உள்ளே போனால் அடுத்த இடி. கரண்ட் இருந்தது, ஆனால் பாதி கரண்ட். டியூப்லைட் கண் சிமிட்டியது. ஏசியைப் போட்டால் ஸ்டெபிலைசர் உறுமி மெஷின்களை அணைத்துவிட்டது. ஏசியா, மெஷினா, ஏதாவது ஒன்றுதான் ஓடும். ஏசி இல்லாமல் ஒரு மெஷினைக்கூட அண்ணன் அதுவரை ஆன் செய்ததில்லை. மெஷின்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஜன்னலைத் திறங்க தாஸ்" என்றார்.

லேப் வந்த நாளிலிருந்து திறக்காத ஜன்னல். தாஸ் அண்ணன் கட்டையால் இரண்டு தட்டு தட்டித்தான் திறந்தார். வெளிக்காற்றும் புழுதியும் ஜி.எஸ்.டி. ரோடு லாரி சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. அதே நேரம் ஜாஸ்மின் அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து, குழாயைப் பார்த்து, காலைப் பார்த்து, வாசலில் தயங்கினாள்.

"பரவால்ல, வாங்க" என்றார். "அப்படியே வாங்க."

செருப்போடு உள்ளே வந்தாள். நானும் தாஸ் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்ததாக அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

ஹாஸ்டல் கட்சிகள் எல்லாம் தோற்றன. உள்ளே வெள்ளை அரைக்கைச் சட்டை, இஸ்திரி போட்டது. பச்சை குத்தல் இல்லை, ரகசியம் இல்லை. ரொம்ப ஒல்லியாக ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். எங்கள் வயதை ஒட்டிய பையன்தான் அவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்வெட்டரை நான்காக மடித்து பிரிண்டர் மேல் வைத்தார். நாற்பத்திரண்டு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்தார். மூன்று மெஷினில் மூன்று பேர் உட்கார்ந்தோம். அந்த வோல்டேஜுக்கு மூன்றாம் நம்பர் வரைதான் எழுந்திருந்தது. எனக்குக் கிடைத்தது, வேறென்ன, அவருக்கு இடது பக்கம்.

வாங்கினேன் ஐயா! வரிக்கு ஒன்று. சடக், தோளில் ஒன்று. சடக், தோளில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவர், "சாரி" என்பார். கொஞ்ச நேரத்தில் சாரி சொல்லவும் நேரமில்லாமல் போயிற்று. எனக்கு அது வேண்டும்தான்.

ஏழரை மணிக்குப் புதுப் பிரச்சினை. எழுத்தாவது தெரிகிறது, முற்றுப்புள்ளி தெரியவில்லை. மங்கிய ரிப்பனில் எது புள்ளி, எது தாளின் அழுக்கு? ஜாஸ்மின் அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்போதுதான் தாஸ் அண்ணன் அந்தத் தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"மை இல்லாங்காட்டி இன்னா? ஊசி குத்துன தடம் கீதேமா இங்க."

பிரிண்டரின் ஊசி தாளில் குத்திய மேடு! ஆங்கிலத்தில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாத மனிதர், நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரி வரியாகத் தடவினார். வரிக்கடைசியில் நாங்கள் நிறுத்துவோம், அவர் தீர்ப்புச் சொல்லுவார்.

"கீது."

அடித்தோம்.

"கீது."

அடித்தோம்.

"இல்ல. ...கீது. ...கீது. ...இர்ரு, இது ஈ குந்தினு இருந்த எடம்."

ஒன்பது இருபதுக்கு மூன்று துண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினோம். இருநூற்றுப் பதினான்கு பிழை. ஜாஸ்மின் அக்கா முதல் பக்கத்திலேயே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துப் போட்டாள். அறுபது பிழை. அவளுடைய நான்கு மாற்றங்களையும் அடித்தாள். இன்னொரு புள்ளி. மூன்று பிழை. அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கீபோர்டில் விழாமல் இருக்க, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கடித்தார். ஒன்பது நாற்பதுக்குத் திரையில் பூஜ்யம் பிழை. ஜாஸ்மின் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். தாஸ் அண்ணன், "அட்ச்சிட்டோம்ல!" என்று கை தட்டினார். அண்ணன் எழுந்து போய், ஸ்வெட்டரை மறுபடியும் மாட்டிக்கொண்டார். தேர்வாளர் வரும்போது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

பத்து மணிக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, ஜன்னல் திறந்த லேபில் ஸ்வெட்டரோடு தொப்பலாக நனைந்து நின்ற மனிதரைப் பார்த்தார். "நீங்க ஓகேவா?" என்றார். "லோ வோல்டேஜ் சார்" என்றார் அண்ணன்.

ஜாஸ்மின் அக்காவின் புரோகிராம் ஓடியது. ஒன்றாம் அலமாரி, இரண்டாம் அலமாரி என்று போல்டுகள் வரிசையாக வந்தன. எட்டு வந்தது. அடுத்து பத்து வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்பதாம் அலமாரி இருந்த பத்து வரியை நான்தான் அடிக்காமல் விட்டிருந்தேன்.

"ஒன்பதாவது அலமாரி எங்கம்மா?" என்றார் தேர்வாளர்.

ஜாஸ்மின் அக்கா கண் இமைக்கவில்லை. "பெயிண்ட் அடிக்கறாங்க சார்."

அவர் தலையை ஆட்டி, மார்க் போட்டார். ஜூன் மாதம் அவள் கிண்டிக்கு வேலைக்குப் போனாள். போன முதல் வாரம் ஒரு டப்பா நிறையக் கடலை மிட்டாய் வாங்கி வந்து, "லேபுக்கு வெளியில வச்சுத் தின்னு" என்று என் கையில் கொடுத்தாள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. ரெஜிஸ்டரில் '5.20:' என்று எழுதி நிறுத்திய வரி. திங்கட்கிழமை மேடம் படிப்பார்கள். அண்ணன் அதை முடிக்காமல் விடமாட்டார், பொய்யும் எழுதமாட்டார். "என் பேரை எழுதிடுங்கண்ணா, பரவாயில்ல" என்று சொல்லப் போனேன். அவர் ஏற்கெனவே எழுதி முடித்து, மை காய ஊதிக்கொண்டிருந்தார். என் பக்கம் திருப்பி வைத்தார்.

'5.20: ரிப்பன் டெஸ்ட் தொடங்கியது. மறுநாள் காலை 9.40: முடிந்தது. ரிப்பன் நன்றாக இருக்கிறது.'

"கையெழுத்துப் போடுங்க" என்றார்.

இரண்டு வருடமாகத் தினமும் 'ரிப்பன் மங்கல்' என்று எழுதிய கை அது. கொசு போன நேரத்தைக்கூட மாற்றி எழுதாத மனிதர். நான் கையெழுத்துப் போட்டேன். என் கண்ணீர் ஒரு சொட்டு அந்தப் பக்கத்தில் விழுந்தது. "துடைங்க, துடைங்க" என்று பதறினார்.

எம்.எஸ்ஸி. முடித்ததும் அவருக்கு வடக்கே ஏதோ மலையூரில் வேலை கிடைத்தது. அந்த வருட டிசம்பரில் எனக்கு ஒரு கார்டு போட்டார். 'இங்கு எல்லோரும் ஸ்வெட்டர் போடுகிறார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கஷாயம் கிடைப்பதில்லை. லேபில் ரிப்பன் எப்படி இருக்கிறது?'

படித்துவிட்டு லேப் வராந்தாவில் நின்று அழுதேன். அவர் போன பிறகு அந்தப் பழைய ரிப்பன் ஒரேயடியாக வெளுத்துப்போய், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருந்தார்கள். யாரும் டெஸ்ட் செய்வதில்லை. நான் தபாலாபீஸில் ஒரு கார்டு வாங்கி, அங்கேயே நின்று ஒரே ஒரு வரி எழுதிப் பெட்டியில் போட்டேன்.

'ரிப்பன் நன்றாக இருக்கிறது அண்ணா.'